அன்ரியின் படகுக்குக் குசினி வைத்த கோடை

வெள்ளிக்கிழமைகளில் கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டக் கூடுகிற என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். போன கிழமை முழங்கால் நோவையும் பேரப்பிள்ளைகளின் சாப்பாட்டுக் குழப்படியையும் கதைத்து முடித்த பிறகு, இந்த நாட்டுக்கு வந்த முதல் வருசத்தில் ஆருக்கு எது நினைவிருக்கிறது என்று பேச்சுத் திரும்பியது. ஒருவர் குளிரைச் சொன்னார். ஒருவர் கருவேப்பிலை கிடைக்காமல் கடைக்குள் நின்று அழுததைச் சொன்னார். நான் "படகு" என்றேன்.

"உனக்கென்ன விசரே? நீ பிளேனிலையெல்லோ வந்தனி!" என்று எல்லாரும் சிரித்தீர்கள்.

பிளேனில்தான் வந்தேன். நான் சொன்ன படகு இங்கே மெல்பேர்ணில், டண்டினொங்கில் ஒரு வீட்டு வளவுக்குள் நின்றது. அதைச் சொல்லத் தொடங்கவே, சோறு இறக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை இப்படி எழுதித் தருகிறேன். ஊரில் ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழ்தான் என் கையில் இருக்கிறது. இங்கே பத்தாம் வகுப்போடு தையல் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான சின்ன மாமா, நான் என்று நாலு பேர் நாலு சூட்கேசோடு வந்து இறங்கியிருந்தோம். எங்களுக்கு இடம் தந்தவர்கள் ஓர் அங்கிளும் அன்ரியும். சொந்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அம்மாவின் ஊர்க்காரர், அவ்வளவுதான். அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. வீட்டின் பின்னுக்கிருந்த இரண்டு அறைகளைக் கழுவித் துடைத்து, எங்களுக்காகப் புதுத் துவாய் கூட வாங்கி வைத்திருந்தார்கள். கடவுள் எங்களுக்கு முந்தி வந்து கதவைத் திறந்து வைத்திருந்தார் என்று அம்மா சாகும்வரை சொல்லுவார். நானும் அதையேதான் சொல்லுகிறேன்.

அங்கிள் கப்பலில் இஞ்சின் பார்த்தவர். கன காலம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு மெல்பேர்ணுக்கு வந்தவர். அவர்களின் வளவில், மரக்கட்டைகளின் மேல், முப்பத்தாறு அடி நீளத்தில் ஓர் இரும்புப் படகு நின்றது. ரயில் பெட்டி ஒன்றை ஆரோ இரண்டு பக்கமும் அமத்தி ஒடுக்கிவிட்டதைப் போல இருக்கும். இங்கிலாந்தில் வாய்க்கால்களில் ஓடுகிற சாதியாம். அங்கிளே வருசக்கணக்காக இரும்பு ஒட்டிச் செய்தது. உள்ளே வெறும் துருவும் சிலந்தி வலையும். நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் எட்டிவிடும். அவ்வளவுதான் அகலம்.

அந்த ஒடுக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அன்ரிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்து, நாங்கள் போன நேரம் ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. குளிர்காலத்துக்குள் அதுவும் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"கண் தெரியாமல் பெரிய வீட்டுக்குள்ளை நடக்கிறது நடுக்கடல்லை நடக்கிற மாதிரி," என்று அன்ரி அம்மாவுக்குச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "எனக்கு இரண்டு பக்கமும் கை எட்டுற இடம் வேணும் பிள்ளை. ஆரும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரியக்கூடாது. என்ரை தேத்தண்ணியை நானே ஊத்திக் குடிக்கவேணும்."

அதுதான் அந்தப் படகு, ஆற்றில் மிதக்க விட்டு அவர்கள் குடியிருக்கப் போகிற வீடு. கண்ணில் மிச்ச வெளிச்சம் இருக்கிற நாளுக்குள் உள்வேலை முடிய வேண்டும். முடிந்தால் மட்டும் போதாது. அதற்குள் அன்ரி முழுப் படகையும் கையால் படித்து முடிக்கவும் வேண்டும்.

அங்கிளுக்கு இரும்பு படியும், மரம் படியாது. அப்பாவோ யாழ்ப்பாணத்தில் பஸ்களுக்கு உள்பக்கம் கட்டுகிற பட்டறையில் சீற்றும் கூரையும் அடித்தவர். இங்கே வேலை கேட்டுப் போன இடமெல்லாம் இங்கிலிஷ் கேட்டார்கள். படகுக்குள் ஏறி, உள்ளுக்குச் சாய்ந்த அந்தச் சுவரைத் தடவிப் பார்த்த அன்றுதான் அப்பா இந்த நாட்டில் முதன்முதலாகச் சிரித்தார்.

"அண்ணை, இது சில்லு இல்லாத பஸ்தானே!"

நல்ல நாள் பார்த்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்துப் படகின் வாசலில் வைத்து வேலை தொடங்கினோம். கோடை முழுக்க நடந்தது. வடக்குக் காற்று அடிக்கிற நாளில் அந்த இரும்பு பாண் சுடுகிற போறணை மாதிரிக் கொதிக்கும். இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் சூடு தடுக்க வெள்ளை றெஜிபோம் தகடு வெட்டிச் செருகிய பிறகுதான் உள்ளே நிற்கக் கூடியதாக இருந்தது. பைன் பலகை வாசம், வார்னிஷ் வாசம், அம்மா போத்தலில் கரைத்து வருகிற மோரின் பெருங்காய வாசம் மூன்றும் ஒன்றாகவே என் மூக்கில் தங்கிவிட்டன. இப்போதும் ஆரும் புது அலுமாரி வாங்கினால் எனக்கு மோர் குடிக்க வேண்டும் போல இருக்கும். பலகை சீவுகிற அப்பாவின் சீவுளி ஊரிலிருந்து அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் படுத்து வந்தது. பிறகு மல்கிரேவுக்கு வீடு மாறியபோது என் கையால் எங்கேயோ தவறிவிட்டது. அப்பா அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது.

முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை, அன்ரியின் இடுப்பு உயரத்தில், அப்பா ஒரே நீளத்துக்கு ஒரு கைபிடி ஓட்டினார். அதன் அடிப்பக்கத்தில், விரல் மட்டும் அறியக்கூடிய இடத்தில், உளியால் வெட்டு வைத்தார். ஒரு வெட்டு வந்தால் சமைக்கிற குசினி. இரண்டு வந்தால் குளியலறை. மூன்று வந்தால் கட்டில். உள்ளே எதற்கும் அளவு நாடா இல்லை, அன்ரியின் சாண்தான் அளவு. தட்டுக்கும் தட்டுக்கும் ஒரு சாண், அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இரண்டு சாண். அன்ரி கையை விரித்து வைக்க, அப்பா காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போடுவார்.

இனி எங்கள் பிழைக்கு வருகிறேன்.

வளவில் படகு வடக்குத் தெற்காக நின்றது. அப்பா குசினிக்குச் சோக்கால் அடையாளம் போடுகிற நேரம் அம்மா தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் அடுப்பை வைச்சா அக்கா மேற்கைப் பாத்தெல்லோ சமைக்கவேணும்?"

"படகிலை என்ன கிழக்கும் மேற்கும்?" என்று சின்ன மாமா சிரித்தார்.

"நீ வாயைப் பொத்து. கண்ணுக்கு ஆபத்து வந்து நிக்கிற மனுசி. மனையடிக்கு மாறாய் வைச்சிட்டு நாளைக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அந்தக் கடைசிச் சொல்லோடு எல்லாரும் அடங்கிவிட்டார்கள். அம்மா அறிந்த மனையடி சாத்திரத்தில் நெருப்பு தென்கிழக்கு, தண்ணீர் வடகிழக்கு. அடுப்பும் காஸ் சிலிண்டரும் குளிர்ப்பெட்டியும் கிழக்குச் சுவரோடு போயின. பெரிய தண்ணீர்த் தாங்கி கிழக்குச் சுவரோடு போயிற்று. கிழக்கைப் பார்த்துக் கும்பிட வசதியாகச் சாமித் தட்டும், அதற்குக் கீழே அரிசி மா வைக்கிற அலுமாரியும் அதே பக்கம். மேற்குச் சுவரோடு இரண்டு கதிரையும் ஒரு மடக்கு மேசையும் மிஞ்சின.

கப்பலில் இருபது வருசம் நின்ற அங்கிள் ஒருதரம், "பாரமெல்லாம் ஒரு பக்கமாய்..." என்று தொடங்கினார். அன்ரி, "பிள்ளை சொல்லுறது எனக்குச் சரியாய்ப் படுது, அப்பிடியே வையுங்கோ," என்றார். அங்கிள் பிறகு பேசவில்லை. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்த வயது எனக்கு. அவரும் சம்மதித்துவிட்டார் என்றே எடுத்தேன். என் மனுசனோடு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து வயதுபோன இந்தக் காலத்தில்தான் விளங்குகிறது. டொக்டர் கையை விரித்துவிட்டால் மனிதருக்குப் பிடிக்க ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. தெரிந்த தொழிலைக் கூட அப்போது மறந்துபோகிறது.

கட்டையின் மேல் நின்ற படகுக்கு எந்தப் பக்கம் பாரம் என்றால் என்ன? நேரே நின்றது.

ஒவ்வொரு தட்டாக ஏற ஏற அன்ரி படித்துக்கொண்டு வந்தார். அம்மாவின் பழஞ்சேலைத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு முன்வாசலால் ஏறுவார். விரல் கைபிடிக்கு அடியில் போகும். முதலில் பால் ஊற்றப்பட்டது நிலத்தில்தான். இரண்டு தரம் கை சுட்டது. ஒருநாள் நான் சீனி அள்ளித் தின்றுவிட்டுப் பேணியைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டேன். அன்ரியின் கை மேல்தட்டுக்குப் போய், வெறும் பலகையைத் தடவி, சுவரில் அலைந்து, அப்படியே நின்றது.

"ஆரோ என்ரை கண்ணை எடுத்துப் போட்டினம்," என்றார்.

ஏசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் நான் ஏன் இந்தச் சத்தம் போடுகிறேன் என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். காரணம் இதுதான்.

பங்குனி முடிகிற நேரம் அன்ரி கண்ணைக் கட்டியபடி ஒரு துளி சிந்தாமல் தேத்தண்ணி ஊற்றினார். அடுத்த கிழமை படகு லொறியில் ஏறியது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நாங்களும் பின்னால் போனோம். மரே ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினோம். ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில், அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கிரேன் படகைத் தூக்கி மெல்ல இறக்கியது. அம்மா தேங்காய் உடைத்தார். உடைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தவர் வாயில் கை வைத்தார். கரையில் திசை திரும்பிக் கட்டி நின்ற படகில், கிழக்கைப் பார்த்த அடுப்பு நேரே மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைக் கண்டு சின்ன மாமா சிரிக்கத் தொடங்கிய நேரம் அங்கிள் தாங்கிக்குத் தண்ணீர் விட்டார். தாங்கி நிரம்ப நிரம்பப் படகு அடுப்புப் பக்கமாகச் சரிந்தது. மேசையில் கிடந்த பென்சில் உருண்டு போய் அலுமாரிக் கதவில் முட்டியது. மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மனுசிக்கு இப்ப சொல்லாதேங்கோ," என்று அங்கிள் மெல்லச் சொன்னார். அன்ரி கரையில் மடக்குக் கதிரையில் இருந்தார். "எல்லாம் நல்லாய் இருக்கு, வாரும்!" என்று அங்கிள் அவருக்குக் கேட்கக் கூப்பிட்டார்.

அன்ரி வந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். அப்படியே நின்றார்.

"எனக்குக் கண்தான் போகுது," என்றார். "கால் போகேல்லை. இது சரிஞ்செல்லோ நிக்குது."

அம்மா அழத் தொடங்கினார். "அக்கா, என்ரை வாயாலைதான்... நான்தான் அந்தப் பக்கம் வைக்கச் சொன்னனான்."

"அழாதை பிள்ளை. நானும்தானே ஓம் எண்டனான்."

திரும்ப வளவுக்குக் கொண்டுபோவோம் என்றார் அங்கிள். தாங்கியையும் அலுமாரியையும் கழற்றி மற்றப் பக்கம் பூட்டினால் சரி, இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்றார்.

"இரண்டு மாதத்திலை எனக்கு என்ன தெரியும் எண்டு நினைக்கிறீங்கள்?" அன்ரி சத்தம் போடாமல்தான் கேட்டார். "நான் படிச்சதெல்லாம் இந்தக் கைக்குள்ளை இருக்கு. நீங்கள் மாத்தினா நான் பாலர் வகுப்பிலையிருந்து தொடங்கவேணும். அதுக்கு எனக்குக் கண் காணாது."

இந்த நேரமெல்லாம் அப்பா நிலத்தில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பி உட்கார்ந்தார்.

"அக்கா, குசினியிலை ஒரு கரண்டிகூட அசையாது. அது அப்பிடியே இருக்கட்டும். நாங்கள் மற்றப் பக்கத்துக்கு நிறை வைப்பம். நிலப்பலகைக்குக் கீழை."

"எவ்வளவு நிறை?" என்றார் அங்கிள்.

"ஆக்களை வைச்சுப் பாப்பம். பஸ்ஸிலை ஒரு பக்கம் சனம் கூடினா மற்றப் பக்கம் தள்ளி விடுறதில்லையே?"

அம்மா பூசைக்குக் கொண்டுவந்த தாம்பாளத்தை நடு நிலத்தில் வைத்து விளிம்பளவுக்குத் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் அடுப்புப் பக்கம் வழிந்தது. சின்ன மாமாவை எதிர்ச் சுவரோடு நிறுத்தினார் அப்பா. கொஞ்சம் நிமிர்ந்தது. என்னை நிறுத்தினார். இன்னும் கொஞ்சம். அம்மா போய் முதுகைச் சுவரில் ஒட்டி நின்றதும் தண்ணீர் சுற்றிவர ஒரே மட்டமாக வந்து நின்றது.

"அசையாதேங்கோ!" என்று கத்தினார் அப்பா. மூக்கில் இலையான் மொய்க்க, நாங்கள் மூன்று பேரும் கோயில் தூணில் செதுக்கின சிலைகளைப் போல நின்றோம்.

"இனி ஆளாளுக்கு நிறையைச் சொல்லுங்கோ," என்று அங்கிள் கடதாசியை எடுத்தார். மாமா அறுபத்திரண்டு கிலோ என்றார். பள்ளிக்கூடத்தில் நிறுத்தபடி நான் முப்பத்துமூன்று என்றேன். அம்மா காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுமன்," என்றார் அப்பா.

"இத்தினை பேருக்கு முன்னாலை என்ன கேள்வி இது?"

"அங்கிளின்ரை மீன் நிறுக்கிற தராசு இருக்கு," என்றார் சின்ன மாமா. "அக்காவைக் கொளுவிப் பாப்பமோ?"

"செருப்பு பிஞ்சு போம்!"

முதலில் சிரித்தவர் அன்ரிதான். அவர் சிரித்த பிறகு அங்கிளின் முகமும் தெளிந்தது. சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு அம்மா, "ஐம்பத்திரண்டு," என்றார், தாம்பாளத்துக்குக் கூடக் கேட்காத குரலில்.

கிட்ட ஒரு பண்ணையில் இடித்த சுவரின் செங்கல் குவிந்து கிடந்தது. கேட்டதும் தந்தார்கள். அங்கிள் ஒவ்வொன்றாக மீன் தராசில் தொங்கவிட்டு நிறுத்து எழுத, மாமா தூக்கி வர, அப்பா கதிரைப் பக்கத்து நிலப்பலகையைக் கழற்றி, குப்புறப் படுத்து, சுவரோரமாக அடுக்கினார். நகராமல் மரச்சட்டம் வைத்து இறுக்கினார். இரண்டு பகல் போயிற்று. முழங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் எவ்வளவோ, அவ்வளவும் கல்லாகக் கீழே இறங்கிய பிறகு தாம்பாளத்தை வைத்துப் பார்த்தார்கள்.

தண்ணீர் இன்னும் ஒரு நகக்கண் அளவு அடுப்புப் பக்கம் சாய்ந்து நின்றது.

அப்பா கல்லை முதலிலிருந்து எண்ணினார். சரியாக இருந்தது. அங்கிள் கணக்கை இரண்டு தரம் கூட்டினார். அதுவும் சரி. இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, அம்மா கரைக்கு இறங்கிப் போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் இரண்டிரண்டு கல்.

"இதையும் வையுங்கோ," என்றார்.

அப்பா தலை நிமிராமல் வாங்கி வைத்தார். தண்ணீர் மட்டமாக வந்தது. மாமா வாயைத் திறந்தார், அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பலகையைத் திரும்ப அறைந்த பிறகு அன்ரி சேலைத் துண்டைக் கேட்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு முன்வாசலால் தனியே உள்ளே போனார். நாங்கள் எல்லாரும் கரையில். காலடி கேட்டது, நின்றது. நெருப்புக்குச்சி உரசியது. ஒரு பேணி மூடி திறந்தது. அங்கிள் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். அம்மாவின் உதடு தேவாரத்தில் அசைந்துகொண்டிருந்தது. வெகு நேரத்துக்குப் பிறகு பின்வாசல் கதவு திறந்தது. அன்ரி கண் கட்டியபடி, ஒரு கை கைபிடியில், மற்றக் கையில் கோப்பை. கோப்பையின் அடித்தட்டு உலர்ந்திருந்தது.

"பிள்ளை எங்கை நிக்கிறாய்? முதல் தேத்தண்ணி உனக்கு," என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அந்த ஐந்து பேரில் இன்று இருப்பவர் சின்ன மாமா மட்டும்தான். பொயிண்ட் குக்கில் மகளோடு இருக்கிறார், காது கேளாது. எனக்கு நாட்டைப் பழக்கியவர்கள் அவர்கள். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது நான் கேட்பது குறைவு, நன்றி சொல்லுவதுதான் கூட. அதில் அன்ரியும் அங்கிளும் வராத நாள் இல்லை.

கடைசியாக ஒன்று. ஆடி விடுமுறையில் நாங்கள் திரும்ப ஆற்றுக்குப் போனோம். அன்ரிக்கு வெளிச்சம் முழுதும் போய்விட்டிருந்தது. ஆனால் வாசலில் வந்து, "குனிஞ்சு வா, நிலை இடிக்கும்," என்று என் தலையைப் பதித்து உள்ளே விட்டவர் அவர்தான். குளிருக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அன்ரி அடுப்படியில் நின்று தோசை சுட்டுச் சுட்டு எங்கள் சாப்பாட்டுக் கோப்பைகளில் போட்டார். ஒரு கோப்பைக்கும் கை தவறவில்லை. அப்பா இருந்தார், மாமா இருந்தார், நான் இருந்தேன். அம்மா மட்டும் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, மூச்சுக் கூடப் பார்த்து விட்டுக்கொண்டு நின்றார். அப்பா கண் காட்டியும் அசையவில்லை. படகு சரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை.

அம்மா ஏதோ கேட்க, குரல் வந்த பக்கம் அன்ரி தோசைக் கரண்டியோடு திரும்பினார்.

"ஏன் பிள்ளை சுவரோடை நிக்கிறாய்? உன்னைத்தான் நான் நிலத்துக்குக் கீழை வைச்சிருக்கிறனே. அதுவும் நாலு கல்லு கூடக் கிடக்கு. வந்து இரு, தோசை ஆறுது."

அம்மா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு வந்து அடுப்புப் பக்கத்தில், என்னோடு நெருக்கிக்கொண்டு இருந்தார். படகு அசையவில்லை.